போலீஸ் இடுப்பிலிருந்து வந்த மூன்று கைத்துப்பாக்கிகள்

டாலஸுக்கு வடக்கே, என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு சிறிய துப்பாக்கிக் கடை. அங்கே மேசைமேல் வைத்து அட்டைப்பெட்டியைத் திறந்தோம். இணையத்தில் 319 டாலருக்கு எடுத்திருந்த கிளாக் 22 கைத்துப்பாக்கி, நான்காம் தலைமுறை, .40 காலிபர், அதாவது அங்குலக் கணக்கில் தோட்டாவின் குறுக்களவு. உறைக்குள் போய்ப் போய் வந்ததில் ஸ்லைடின், அதாவது குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியின், முனையில் கறுப்பு உதிர்ந்து இரும்பு வெளுத்திருந்தது. கூடவே மூன்று மேகசின், தோட்டா அடுக்கும் பெட்டி. கடைக்காரர் மேகசினைக் கழற்றினார், ஸ்லைடைப் பின்னுக்குப் பூட்டினார், தோட்டா இருக்கும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார், எனக்கும் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார்.

அவர் அனுமதியோடு, சுவரோரம் இருந்த மணல் தொட்டியை நோக்கிப் பிடித்து டிரிகரை இழுத்தேன். வரவில்லை. இன்னும் அழுத்தினேன். கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுப்பதுபோல, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே கனம். கடைசியில் 'டக்' என்று விழுந்தபோது துப்பாக்கியின் முனை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அதற்குமுன் நண்பர்களுடைய கிளாக்கைச் சுட்டிருக்கிறேன். இப்படி எதுவும் இருந்ததில்லை. பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கடைக்காரர் எடை பார்க்கும் கொக்கியை டிரிகரில் மாட்டி இழுத்தார். எட்டுப் பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல். கம்பெனியிலிருந்து சாதாரணமாக வரும் கிளாக் ஐந்தரைப் பவுண்டு, இரண்டரைக் கிலோ. அவர் ஊசிகளைத் தட்டி எடுத்து உள்ளே இருந்த பாகத்தை வெளியே எடுத்தார். வழக்கமான சுருள் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஆலிவ் பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு. "இது கெட்டுப்போகவில்லை. இதை வைத்திருந்த போலீஸ் துறை இப்படித்தான் கேட்டு வாங்கியிருக்கிறது" என்றார். அதற்குப் பெயர் நியூயார்க் டிரிகர். பச்சைத் துண்டு எட்டுப் பவுண்டு, ஆரஞ்சுத் துண்டு கிட்டத்தட்டப் பன்னிரண்டு.

போலீஸ் விற்ற பழைய துப்பாக்கியை வாங்குகிறவர் காலிபர், தேய்மானம், விலை மூன்றையும் பார்க்கிறார். நானும் அதைத்தான் பார்த்தேன். டிரிகரைப் பார்க்கவில்லை. அந்தத் துறை தன் ஆட்களை எவ்வளவு நம்பியது, எதற்குப் பயந்தது என்பதெல்லாம் அந்த டிரிகரில்தான் இருக்கிறது. துப்பாக்கி கை மாறும்போது அந்த முடிவும் சேர்ந்தே நம் வீட்டுக்கு வருகிறது.

இவை எப்படிச் சந்தைக்கு வருகின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புதியது எடுக்கும் எக்ஸ்சேஞ்ச் மாதிரிதான். ஒரு போலீஸ் துறை புதிய மாடலுக்கு மாறும்போது பழையதையெல்லாம் மொத்தமாக விற்பனையாளரிடம் கொடுத்து அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும். அவர் துடைத்து, தரம் பிரித்து, பொதுமக்களுக்கு விற்பார். கடந்த பத்தாண்டுகளில் .40 காலிபர் இவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு கதை உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ அதிகாரிகள் இரண்டு பேர் செத்தார்கள், ஐந்து பேர் காயம்பட்டார்கள். அவர்கள் சுட்ட 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று எதிராளியின் இதயத்துக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டது. இன்னும் வலுவான தோட்டா வேண்டும் என்ற தேடல் அங்கிருந்து தொடங்கி, 1990-இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸன்) என்ற தோட்டா வந்தது. நாடு முழுக்கப் போலீஸ் அதற்கு மாறியது. பிறகு 9 மில்லிமீட்டர் தோட்டாக்களே நன்றாக மேம்பட்டுவிட்டன. உதைப்பு குறைவு, விலை குறைவு, மேகசினில் கூடுதலாக ஒன்றிரண்டு தோட்டாவும் பிடிக்கும். எஃப்பிஐ மறுபடி 9-க்கே திரும்பி 2016-இல் கிளாக்குக்கு ஒப்பந்தம் கொடுத்தது. பின்னாலேயே பல துறைகளும் போயின. இப்படித்தான் .40 துப்பாக்கிகள் கடைகளில் குவிந்தன.

இவற்றின் நல்ல பக்கம், அதிகம் சுமக்கப்பட்டவை, குறைவாகச் சுடப்பட்டவை. பெரும்பாலான போலீஸ்காரர்கள் வருடத்துக்குச் சில முறை தகுதித் தேர்வுக்குத்தான் சுடுகிறார்கள். மற்ற நாட்களெல்லாம் அது இடுப்பில் உறையோடு உரசிக்கொண்டே இருக்கும். அதனால் வெளியே பார்க்கப் பாவமாகவும் உள்ளே புதுசு மாதிரியும் இருக்கும் துப்பாக்கிகள் நிறைய. வெளிப் பூச்சு தேய்ந்ததைப் பார்த்து ஒதுக்காதீர்கள். விலையைக் குறைப்பதே அந்தத் தேய்மானம்தான்.

எனக்கு இதிலெல்லாம் கண் திறந்துவிட்டவர் இங்கே இருபது வருடமாக இருக்கும் ஒரு மதுரைக்கார அண்ணன். முதன்முதலில் சுடும் தளத்துக்கு என்னைக் கூட்டிப்போனவரும் அவர்தான். விலைப்பட்டியலைக் காட்டியபோது அவர் சொன்னார்: "தம்பி, வெலையப் பாக்காத. வெரல்கிட்ட கேளு." அப்போது நான் கேட்கவில்லை. கிளாக் வந்த நாளில்தான் அது விளங்கியது.

டிரிகரை இழுக்கும்போது விரல் சந்திக்கும் கட்டங்களை முதலில் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். முதலில் கொஞ்ச தூரம் சும்மா வரும். அப்புறம் ஒரு சுவரில் முட்டினாற்போல் நிற்கும். அந்தச் சுவர் உடையும் இடத்தில் துப்பாக்கி வெடிக்கும். பிறகு விரலை மெல்ல விட்டால் ஓரிடத்தில் 'கிளிக்' கேட்கும், அடுத்த குண்டுக்குத் தயார் என்று அர்த்தம். எத்தனை பவுண்டு என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டால் ஏமாறுவோம். எட்டுப் பவுண்டாக இருந்தாலும் வழவழவென்று ஒரே சீராக வருவது, ஐந்து பவுண்டில் மணல் நெருடுவதுபோல் வருவதைவிட நன்றாகச் சுடும்.

என் கைக்கு முதலில் வந்தது ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 64, .38 ஸ்பெஷல், துருப்பிடிக்காத எஃகு. இந்த மாடல் 1970-இல் வந்தது. என்னுடையதில் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமரின் பின்னால் கட்டைவிரல் வைத்து இழுக்கும் கொம்பு கிடையாது, அதை நீக்கிய வடிவம். ஹேமரைக் கையால் பின்னிழுத்து வைத்துவிட்டால் ரிவால்வரின் டிரிகர் மிக லேசாகிவிடும். பதற்றத்தில் விரல் பட்டாலே வெடிக்கும். அதற்குப் பயந்து சில துறைகள் அந்த வசதியையே எடுத்துவிட்டன. ஆக ஒவ்வொரு குண்டுக்கும் நீண்ட, கனமான இழுப்பு, பன்னிரண்டு பவுண்டு அளவில். டிரிகர் பின்னால் வரும்போது தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டர் சுழல்கிறது, ஹேமர் எழுகிறது, விழுகிறது. கண் முன்னாலேயே எல்லாம் நடக்கும். முதல் மாதம் என் குண்டுகள் காகிதமெங்கும் சிதறின. மூன்றாவது மாதம் ஏழு கஜத்தில் உள்ளங்கை அளவுக்குள் வந்தன. எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தது இந்த ரிவால்வர்தான் என்று இன்றும் சொல்வேன்.

இரண்டாவது சிக் சாவர் பி229. இதில் ஒரே டிரிகருக்குள் இரண்டு டிரிகர். முதல் குண்டுக்கு ஹேமர் இறங்கியிருக்கும், இழுப்பு சுமார் பத்துப் பவுண்டு. அது வெடித்ததும் ஸ்லைடு ஹேமரைப் பின்னால் தள்ளி நிறுத்திவிடும். அடுத்ததிலிருந்து நாலரைப் பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு, தூரமும் மிகச் சிறிது. கடையில் தட்டிப் பார்க்கும்போது அந்த இரண்டாவது இழுப்பில் மயங்கித்தான் வாங்கினேன். கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் அவ்வளவு சுத்தம். ஆனால் தளத்தில் என் முதல் குண்டு மட்டும் எப்போதும் கீழே இடப்பக்கம் போய் விழுந்தது, மற்றதெல்லாம் நடுவில். கனத்திலிருந்து லேசுக்கு மாறும் அந்த நொடியில் விரல் தடுமாறுகிறது. அதற்கு மருந்து ஒன்றுதான்: இரண்டு குண்டு சுட்டதும் இடப்பக்க நெம்பை அழுத்தி ஹேமரைப் பத்திரமாக இறக்கி, மறுபடி கன இழுப்பிலிருந்தே தொடங்குவது. ஒரு மேகசின் முழுக்கச் சுட்டால் கன இழுப்பு ஒரு தடவைதான் கிடைக்கும். இப்படிச் செய்தால் ஆறு தடவை கிடைக்கும். உறையில் வைக்கும் முன் அந்த நெம்பை அழுத்துவது மறக்கவே கூடாத பழக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிஏகே என்ற வகையிலும் பி229 உண்டு, அது ஏராளமாகப் போலீஸ் துறைகளுக்குப் போனது. விரலை முழுதாக விட்டு இழுத்தால் ஒவ்வொரு இழுப்பும் சுமார் ஆறரைப் பவுண்டு, ஒரே மாதிரி. படத்தில் பார்த்தால் சாதாரண பி229 போலவே இருக்கும். ஹேமரை இறக்கும் நெம்பு இடப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பெரும்பாலும் டிஏகே. நல்ல டிரிகர்தான். ஆனால் அந்த லேசான இரண்டாம் இழுப்பை எதிர்பார்த்து வாங்குகிறவருக்கு அது கிடைக்காது. பெரெட்டா 96-இலும் பெயரின் கடைசியில் 'டி' என்றிருந்தால் எல்லா இழுப்பும் கனமானதுதான்.

மூன்றாவதுதான் கிளாக். இதில் ஹேமரே இல்லை. உள்ளே ஸ்டிரைக்கர் என்ற ஊசி பாதி இழுபட்ட நிலையில் காத்திருக்கும், டிரிகர் மீதியை இழுத்து விடுவிக்கும். முதல் குண்டும் கடைசிக் குண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்பதால், ஆயிரக்கணக்கான பேருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய துறைகளுக்கு இது வசதி. ஆனால் பல பத்தாண்டுகள் ரிவால்வரில் பழகிய துறைகளுக்கு இந்த லேசான டிரிகர் பயத்தைக் கொடுத்தது. நியூயார்க் நகரக் காவல்துறை 1993-இல் ரிவால்வரிலிருந்து மாறியபோது பன்னிரண்டு பவுண்டு டிரிகர் வேண்டும் என்றது. கனமாக இருந்தால் தவறி வெடிக்காது என்ற நியாயம். அதன் மறுபக்கம் 2012 ஆகஸ்ட் 24-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் தெரிந்தது. கொலைகாரன் ஒருவனைச் சுட்ட இரண்டு அதிகாரிகளின் குண்டுகளாலும் சிதறல்களாலும் வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயம்பட்டார்கள். அந்தக் கன டிரிகரால் குறி தப்பியதா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. தவறி வெடிப்பதைத் தடுப்பது பயிற்சியின் வேலை. அதை ஸ்பிரிங்கிடம் ஒப்படைத்தால் குறி கெடும் என்பது என் முடிவு.

சரி, என் கிளாக்கை என்ன செய்தேன்? சாதாரண ஸ்பிரிங் சில டாலர்தான், அன்றே மாற்றிவிடலாம் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று இரண்டு மாதம் அப்படியே சுட்டேன். ரிவால்வரில் பழகிய விரலுக்கு அந்த எட்டுப் பவுண்டு பிடித்தே போனது. என் மனைவியின் கைக்கு அது ஒத்துவரவில்லை. பத்துக் குண்டுக்குப் பிறகு அவள் விரல் நடுங்கியது. இரண்டு பேரும் பயன்படுத்துவது என்பதால் மாற்றினோம். பச்சைத் துண்டை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதில் முக்கியமானது, இணையத்தில் வாங்கினாலும் துப்பாக்கி உங்கள் ஊர் உரிமம் பெற்ற கடைக்குத்தான் வரும் என்பது. அங்கே துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473-இல் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே முழுதாகச் சோதியுங்கள். கை மாறிவிட்டால் பல விற்பனையாளர்கள் திரும்ப எடுக்கமாட்டார்கள். 'படம் மாதிரிக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் உங்களுக்கு வருவது வேறொன்று. சிலர் கூடுதலாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு குவியலில் நல்லதாகப் பொறுக்கி அனுப்புவார்கள். அந்தப் பணம் வீண் போகாது.

காலி என்று மூன்று முறை பார்த்த பிறகு, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குழலுக்குள் வெளிச்சம் விட்டால் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும், குழலில் வளையம்போல் புடைப்பு இருக்கக் கூடாது. ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்துவிட்டு, விரலை மெல்ல விடும்போது அந்தக் கிளிக் வருகிறதா என்று பாருங்கள். கிளாக்குக்கு இன்னொன்று உண்டு: காலித் துப்பாக்கியை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, டிரிகரை அழுத்தியபடி ஸ்லைடை இழுத்து மெதுவாக முன்னே விட வேண்டும். முழுதாகப் போய் மூடாமல் பாதியில் நின்றால், ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் களைத்துவிட்டது. என் பி229-இல் ஸ்பிரிங் களைத்திருந்தது எனக்குத் தளத்தில்தான் தெரிந்தது. காலித் தோட்டாக்கள் வழக்கத்தைவிடத் தூரமாகப் பறந்தன, ஒருமுறை ஸ்லைடு முழுதாக மூடவில்லை. இப்போது எது வாங்கினாலும் முதல் வேலையாக அந்த ஸ்பிரிங்கை மாற்றிவிடுகிறேன். சுமார் இருபது டாலர் செலவு.

கொம்புள்ள ரிவால்வர் என்றால், ஹேமரைப் பின்னிழுத்து நிறுத்திக் கட்டைவிரலால் முன்னே தள்ளிப் பாருங்கள். விழுந்துவிட்டால் வாங்காதீர்கள். எந்த ரிவால்வரானாலும் டிரிகரை மெதுவாக இழுத்து, ஹேமர் விழுவதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைக்கும் பாருங்கள்.

இரவில் ஒளிரும் பச்சைப் புள்ளிகளுக்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள். அதிலிருப்பது டிரிடியம், பன்னிரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் போனால் ஒளி பாதியாகிவிடும். போலீஸ் விற்பவற்றில் சிலவற்றுக்கு அந்த வயது நெருங்கியிருக்கும். அப்புறம் .40 துப்பாக்கி மலிவு, தோட்டா மலிவில்லை. உதைப்பும் வெடுக்கென்று இருக்கும். வருடக் கணக்குப் போட்டால் 9-இல் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கியிருக்கலாமோ என்று எனக்கே தோன்றுவதுண்டு.

இங்கிருக்கும் தமிழர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். "எனக்காக உன் பேர்ல வாங்கிக் குடுடா" என்று நெருங்கிய நண்பன் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். 4473-இன் முதல் கேள்விகளிலேயே இது யாருக்காக என்று கேட்பார்கள். பொய் எழுதினால் சிறை, குடியுரிமைக் கனவும் அதோடு போகும்.

வீட்டில் எங்களுக்கு ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாள். டெக்ஸாஸ் சட்டப்படி, தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து அது 17 வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்குப் போனால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதை நான் செய்ய மாட்டேன். முதல் துப்பாக்கிக்கு முன்பே பெட்டகம் வாங்கி, தரையோடு திருகி மாட்டினேன். அதன் விலை ரிவால்வரைவிட அதிகம். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில். தளத்திலிருந்து வந்ததும் சட்டையைத் தனியாகப் போட்டு, குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் மகளைத் தூக்குவேன், வெடிமருந்துப் புகையில் ஈயம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் பாட்டு வகுப்புக்குப் போயிருக்கும் நேரம்தான் என் பயிற்சி நேரம். பயிற்சி செய்யும் வீட்டு அறையில் ஒரு நிஜத் தோட்டாகூட இருக்கக் கூடாது. மூன்று முறை பார்த்துவிட்டு, செங்கல் சுவர் இருக்கும் பக்கம் திரும்பி, ஊசி கெடாமலிருக்கப் பொம்மைத் தோட்டாக்களைப் போட்டுக்கொள்வேன். முன் குறிக்குப் பின்னால் குழல்மேல் ஒரு ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைப்பேன், ஊரிலிருந்து வந்தபோது சட்டைப்பையில் தங்கியது. நாணயம் விழாமல் இருபது தடவை டிரிகரை இழுக்க வேண்டும். கிளாக்கில் இருபதும் நிற்கிறது. பி229-இன் முதல் இழுப்பில் பதினாறு. மாடல் 64-இல் போன வாரம் பதினெட்டு. ஒன்பதாவதிலும் பதினான்காவதிலும் விழுந்தது, இரண்டு தடவையும் சிலிண்டர் பூட்டிய பிறகு விரல் அவசரப்பட்டதை உணர்ந்தேன்.